பென்ஷனுக்கு 2 ஆண்டு 10 மாதம் இருக்கையில் வந்த விண்ணப்பம்

பின்னணி

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிய செய்தி இல்லை. கம்மவான்பேட்டையைப் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருக்கிறார்கள். நானும் அந்த வட்டாரத்துக்காரன். சுபேதாராக ஓய்வு பெற்றேன். இங்கே எழுதுவது, நான் ஒரு கம்பெனியின் (யூனிட்டுக்குள் ஒரு படைப்பிரிவு) சீனியர் ஜே.சி.ஓ.வாக (சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருப்பவர்) இருந்தபோது, பென்ஷனுக்கு முன்பே படையை விட்டுப் போக விண்ணப்பித்த ஒருவரைப் பற்றியது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயரையோ எங்கள் யூனிட்டின் பெயரையோ சொல்லப்போவதில்லை.

அவர் 2006 ஜூன் மாதம் ஆள்சேர்ப்பில் தேறிப் படையில் சேர்ந்தவர். விதவைத் தாயை வைத்துக் காப்பாற்ற வந்தவர், கடன் அடைக்க வந்தவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி வந்தவர் இல்லை. தந்தைக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலமும், தம் அண்ணன் குடும்பத்தோடு பொதுவான ஒரு கிணறும் இருந்தன. பட்டாளம் பிடித்துப் போய்த்தான் வந்தார். நாயக் பதவி (சிப்பாய்க்கு மேல், ஹவில்தாருக்குக் கீழ்) கிடைத்தபோது, புதிதாக வரும் பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி தர அவரைத்தான் கூப்பிடுவோம். பொறுமையாகச் சொல்லித் தருவார், குரலை உயர்த்த மாட்டார்.

சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. வரையிலானவர்களுக்குப் பென்ஷன் கிடைக்கத் தகுதியான சேவை 15 ஆண்டு இருக்க வேண்டும். அதற்கு முன்பே போக விரும்புகிறவருக்கும் வழி உண்டு. 1954 ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 13 ஆவது விதி, சொந்த வேண்டுகோளின் பேரில் விடுவிக்கக் கமாண்டிங் ஆபீசருக்கு (சி.ஓ.) அதிகாரம் தருகிறது. விண்ணப்பத்தை ஏற்பது தகுந்தது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அதனால் யூனிட்டின் ஆள்பலம் அளவுக்கு மீறிக் குறையவும் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். முதலாவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

2017 நடுவில் யூனிட் லடாக் பகுதிக்குச் சென்றது. எங்கள் கம்பெனி இருந்த இடம் 14,000 அடிக்கு மேல்.

2018 ஜனவரி: ஓர் இரவு

அவருடைய தந்தை மாரடைப்பில் இறந்த செய்தி மாலை ஆறரை மணி அளவில் தொலைபேசியில் வந்தது. வாங்கியவன் நான். லே நகரம் எங்களிடமிருந்து வண்டியில் நான்கு மணி நேரம். பனிக்காலத்தில் இரவில் வண்டி அனுப்ப சி.ஓ.வின் அனுமதி வேண்டும். அவர் அன்று மேலிடக் கூட்டத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை. "காலையில் முதல் வேலையாக விடுப்புக்குப் பேப்பர் போட்டுவிடலாம், தம்பி" என்று சொல்லி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

லேயிலிருந்து சண்டிகருக்குப் போகும் விமானப்படை விமானம் காலையில்தான் கிளம்பும். மதியத்துக்கு மேல் காற்று மாறிவிடும். இரவே வண்டி கிளம்பியிருந்தால் மறுநாள் விமானத்தைப் பிடித்து, அதற்கடுத்த நாள் விடியலில் ஊரில் இருந்திருப்பார். விடுப்புச் சீட்டில் கையெழுத்து விழுந்தது காலை 10 மணிக்கு. மறுநாள் பனியால் விமானம் ரத்து. அதற்கும் மறுநாள் கிளம்பி, செய்தி வந்த ஐந்தாம் நாள் விடிகாலையில் வீட்டு வாசலை மிதித்தார்.

ஃப்ரீசர் பெட்டியில் வைத்து மூன்றாம் நாள் மதியம் வரை காத்திருந்திருக்கிறார்கள். ஒரே மகன் வரவில்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். பால் தெளிப்பும் அவர் கையால்தான் நடந்தது. நாயக் ஊர் வந்து சேர்ந்தபோது அவருக்கு மிஞ்சியது பதினாறாம் நாள் காரியம் மட்டும்.

அடுத்த எட்டு மாதங்களில் கவனித்தவை

திரும்பி வந்தவர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. இப்போது பின்னோக்கிப் பார்க்கையில் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

ஹவில்தார் பதவிக்கான கேடர் பயிற்சிக்கு அவர் பெயர் பட்டியலில் இருந்தது. இந்த முறை வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம் என்று தானே வந்து பெயரை எடுத்துக்கொண்டார். பதவி உயர்வை ஒருவர் தள்ளி வைக்கிறார் என்றால், அந்தப் பதவியில் இருக்கப்போகும் வருடங்களை அவர் மனத்தில் ஏற்கனவே கழித்துவிட்டார் என்று பொருள். அன்று நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது தொலைபேசி. மேல் போஸ்டில் செயற்கைக்கோள் தொலைபேசிதான் உண்டு. ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று முறை வைத்துப் பேசுவார்கள். அந்த முறைக்காகச் சண்டை போடாத ஆளே கிடையாது. இவர் தன் முறையைப் புதிதாகக் கல்யாணமான பையன்களுக்கு விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் எல்லோரும் நல்ல மனசு என்று பாராட்டினோம். வீட்டில் என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அதற்குத் தன்னிடம் பதில் இல்லை, அதனால்தான் பேசவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது, பையன்களிடம் அவர் பேசும் விதம். பயிற்சியின்போது "நாம் இப்படிச் செய்வோம்" என்பவர், "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய செக்ஷனில் (கம்பெனிக்குள் ஒரு சிறு குழு) இருந்த ஒரு சிப்பாய். அவர் சொன்னதும் எல்லாம் முடிந்த பிறகு.

2018 ஆகஸ்ட்: விண்ணப்பம்

அரைப் பக்க விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் ‘டொமஸ்டிக் ப்ராப்ளம்’ என்று மட்டும் இருந்தது. ராணுவத்தில் இந்த இரண்டு சொற்கள் எதை வேண்டுமானாலும் மூடிவிடும். மனைவியோடு சண்டை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கடன், மேலதிகாரி மேல் கோபம், வெளியே காத்திருக்கும் நல்ல வேலை, எல்லாம் இதற்குள் அடக்கம். எழுதுகிறவருக்கும் சௌகரியம், படிக்கிறவருக்கும் சௌகரியம்.

சேவை 12 ஆண்டு 2 மாதம் ஆகியிருந்தது. பென்ஷனுக்கு இன்னும் 2 ஆண்டு 10 மாதம்.

முதல் முடிவும் அதன் விளைவும்

விண்ணப்பத்தை நிராகரித்து, ஆளுக்குப் புத்தி சொல்வது என்று முடிவெடுத்தோம். காரணம் இரண்டு. கம்பெனியில் ஆள் குறைவு. அதோடு, இவ்வளவு தூரம் வந்த பிறகு பென்ஷனைக் கைவிடுவது அறியாமை என்று உண்மையாகவே நம்பினோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை.

சி.ஓ. சாப் அவரை அழைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கடைசிச் சம்பளத்தில் பாதி ஆயுள் முழுக்கப் பென்ஷன். அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், கேன்டீன், மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு இட ஒதுக்கீடு. இப்போது போனால், சொந்த வேண்டுகோளின் பேரில் பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர் என்பதால், ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியே கிடைக்காது. ஒருமுறை வரும் பணிக்கொடையோடு சரி.

சொன்ன ஒவ்வொன்றும் சரியான தகவல். அவர் மூன்று முறை "சரி, சாப்" என்றார், சல்யூட் அடித்தார், வெளியே வந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். அந்த இருபது நிமிடத்தில் அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

செப்டம்பரில் 20 நாள் விடுப்பில் சென்றார். முடிந்த நாளில் திரும்பவில்லை. ராணுவச் சட்டத்தின் 39 ஆவது பிரிவின்படி, தக்க காரணமின்றி விடுப்பு முடிந்தும் வராமல் இருப்பது குற்றம். 30 நாள் கடந்துவிட்டால் விசாரணை மன்றம் அமைத்து, ஓடிப்போனவர் என்று அறிவிக்கும் நிலை வரும். ஐந்தாம் நாள் நானே அவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "அவர் கொல்லையில் இருக்கிறார், அண்ணா. வந்துவிடுவார். அவரைத் திட்டாதீர்கள்" என்றார். பன்னிரண்டு ஆண்டு அப்பழுக்கில்லாத சேவை செய்த ஒருவரின் மனைவி, என்னிடம் கேட்ட ஒரே உதவி கணவரைத் திட்டாதிருப்பது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பது நாள் தாமதமாக வந்து சேர்ந்தார்.

புகாரி அடுப்புக்கு முன்னால்

விசாரணைக்கு முன்பு ஒருமுறை அவரோடு தனியாகப் பேச அனுமதி கேட்டேன். சி.ஓ. ஒப்புக்கொண்டார். இரவுச் சாப்பாடு முடிந்து, மண்ணெண்ணெய் புகாரி எரிந்துகொண்டிருந்த என் கூடாரத்துக்கு வரச் சொன்னேன். தமிழிலேயே பேசினோம். முதல் கால் மணி நேரம் ஊர் மழை, நிலக்கடலை விலை. பிறகு நான் சொன்னேன்: "தம்பி, ஜனவரியில் அந்த இரவு நான் சி.ஓ. சாப்புக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அது என் தப்பு."

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கிணற்று மேட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, அதன் கொண்டியில் ஒரு பித்தளைப் பூட்டு. பூட்டு புதியது, பெட்டி முழுக்கத் துரு. பின்னால் காய்ந்து சுருண்ட கடலைச் செடி.

கிணற்றில் இரண்டு குடும்பத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் பாயும். தந்தை இறந்த பிறகு பெரியப்பா மகன் அந்த முறையை மறுத்துவிட்டார். அதற்கு அவர் ஊரில் சொன்ன நியாயம் ஒன்றே ஒன்று: கொள்ளி வைத்தவன் நான். சட்டத்தில் இந்த வாதம் ஒரு நிமிடம் நிற்காது. ஊர் வாயில் நின்றது. கொள்ளி வைத்தவனுக்கே உரிமை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பெரியப்பா மகன் அதோடு நிற்காமல், நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடை கேட்டு நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டிருந்தார். இரண்டு வாய்தாவுக்கு நாயக்கின் மனைவி கைக்குழந்தையோடு போய் நின்றிருக்கிறார்.

"பென்ஷன் கணக்கு எனக்குத் தெரியாதா, சாப்? அப்பாவுக்குத்தான் கொள்ளி வைக்கவில்லை. நிலத்தையும் விட்டுவிட்டால் ஊரில் என் பிள்ளைகள் எந்த முகத்தோடு இருப்பார்கள்?"

அவர் போக நினைத்ததற்குச் சம்பளமோ குளிரோ காரணம் இல்லை. படைக்காக அவர் கொடுத்த விலையைப் படை கவனிக்கவே இல்லை. அதே விலையைச் சாக்காக வைத்து ஊரில் ஒருவர் அவர் உரிமையைப் பறித்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் அவர் நின்றிருந்தார்.

இரண்டாவது முடிவு

மறுநாள் சி.ஓ.விடம் முழுதும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நாம் தவறான கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறோம்" என்றார். அதன் பிறகு ஒரே வாரத்தில் நடந்தவை:

ஒன்பது நாளைத் தண்டனையாக்காமல் விடுப்பு நீட்டிப்பாக ஏற்றார். இதற்கு யூனிட்டுக்குள் எதிர்ப்பு இருந்தது. ஒருவருக்கு விட்டால் எல்லோரும் தாமதமாக வருவார்கள் என்றார்கள். நியாயமான அச்சம்தான். காரணம் தக்கதா என்று பார்க்கச் சட்டமே இடம் தருகிறது என்று சி.ஓ. விளக்கி, பார்த்துத் தீர்மானித்தார். பிறகு அப்படி யாரும் தாமதமாக வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வழக்கு. இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் என்று 1925 ஆம் ஆண்டிலிருந்து ஒன்று இருக்கிறது. களப்பகுதி போன்ற சூழலில் பணியாற்றுவதால் நேரில் வர முடியாத படைவீரருக்கு எதிரான உரிமையியல் வழக்கை, உரிய சான்றின் பேரில் நீதிமன்றம் நிறுத்தி வைக்கலாம். இருபத்தைந்து ஆண்டு சேவையில் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தி நான் பார்த்தது அதுவே முதல் முறை. எங்கள் எழுத்தருக்கு அதன் படிவம் தெரியவில்லை. தேடி எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாவது, மாவட்ட ஆட்சியருக்கு யூனிட்டிலிருந்து கடிதம். மாவட்டப் படைவீரர் வாரியத்தின் தலைவரும் ஆட்சியர்தான். கடிதத்தின் நகல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போயிற்று. அங்கிருந்த உதவியாளர் ஒருவர், தாமும் முன்னாள் ஹவில்தார், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாயக்கின் மனைவியோடு தானே போனார். கடிதத்தை விட அந்த மனிதரின் துணைதான் பெரிது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, கருணை அடிப்படையிலான பணியிட மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னோம். டிஸ்சார்ஜ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி நாங்கள் கேட்கவில்லை. அது சி.ஓ.வின் மேசையிலேயே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்தும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவரிடம் சொல்லப்பட்டது. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

என்ன நடந்தது

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்து அளந்தார்கள். வாரிசுச் சான்றிதழ் கிடைத்து, பட்டாவில் தந்தை பெயர் இருந்த இடத்தில் தாய், மகன் பெயர்கள் ஏறின. கிணற்று முறை, இரண்டு தரப்பும் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு மீண்டும் தொடங்கியது. வழக்கு முடியவில்லை, பல காலம் நிலுவையில் கிடந்தது. பெரியப்பா மகனோடு பேச்சுவார்த்தையும் இல்லை.

2018 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஒரு என்.சி.சி. பிரிவுக்கு இரண்டு ஆண்டு மாற்றல் கிடைத்தது. அங்கிருந்து வாரக் கடைசியில் ஊருக்குப் போய்வர முடிந்தது. டிஸ்சார்ஜ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக 2019 பிப்ரவரியில் அவரே எழுதி அனுப்பினார். மாற்றல் காலம் முடிந்து, அப்போது சமவெளிக்கு வந்துவிட்டிருந்த யூனிட்டுக்குத் திரும்பினார். 2021 ஆகஸ்டில், 15 ஆண்டு 2 மாதச் சேவையோடு, பென்ஷன் பெற்று வீடு திரும்பினார்.

அதற்கு மேல் அவர் இருக்கவில்லை. ஹவில்தார் ஆகியிருந்தால் இன்னும் பல ஆண்டு இருந்திருக்கலாம். நல்ல பயிற்றுநர் ஒருவரைப் படை இழந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் எட்டு மாதத்தில் போனதை நாங்கள் முழுதாக மீட்கவில்லை.

அதே ஆண்டில் இன்னொருவரை முழுவதுமாகவே இழந்தோம். எட்டு ஆண்டுச் சேவையில் இருந்த ஆந்திரச் சிப்பாய். நாயக்குக்கு மூன்று மாதம் முன்பு அவர் விண்ணப்பம் வந்தது. அதே இரண்டு சொற்கள். அவர் வேலையில் சுமார் என்பதால் யாரும் தடுக்கவில்லை, வேகமாகக் கையெழுத்தானது. பின்னொரு நாள் எனக்குத் தொலைபேசி செய்தார். ஏ.டி.எம். காவலர் வேலைக்கு முன்னாள் படைவீரர் சான்று கேட்கிறார்கள், எப்படி வாங்குவது என்று விசாரித்தார். அப்படி ஒரு சான்று அவருக்குக் கிடைக்காது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஏன் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தோம். வீட்டில் சாவு என்று செய்தி வந்தால், எந்த நேரமானாலும் அந்த நிமிடமே சி.ஓ.வுக்குத் தொலைபேசி, அந்த மணி நேரத்துக்குள் விடுப்புச் சீட்டு. பாதை சரியில்லாமல் ஆள் கிளம்ப முடியாமல் போகலாம். ஆனால் சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுச் சீட்டுகள் சீனியர் ஜே.சி.ஓ.விடம் இருக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. சி.ஓ. மறுத்துவிட்டார். தூக்கத்திலிருந்து தன்னை எழுப்புங்கள், அதற்குத்தான் இருக்கிறேன் என்றார்.

டிஸ்சார்ஜ் விண்ணப்பம் வந்தால் முதல் பேச்சு சி.ஓ. அறையில் நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அட்டென்ஷனில் நிற்கும் ஆளிடமிருந்து "சரி, சாப்" தவிர வேறெதுவும் வராது. அவர் மொழி பேசும் ஒருவர், சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, டீயோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். பென்ஷன் கணக்கு அதற்கப்புறம்.

அதற்கும் முன்பு செக்ஷன் கமாண்டர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி முறையை ஒருவர் விட்டுக் கொடுப்பதையும், கேடரிலிருந்து பெயரை எடுப்பதையும் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அதை மேலே சொல்ல வேண்டும் என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒழுங்கீனத்தை அறிவிக்கச் சொல்லித் தந்தோம். அமைதியை அறிவிக்கச் சொல்லித் தரவில்லை.

1925 ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவற்றை மாதாந்திர சைனிக் சம்மேளனத்தில் (யூனிட்டின் படைவீரர் கூட்டம்) ஆண்டுக்கு இருமுறையாவது படித்துக் காட்ட வேண்டும். ஜவானின் மனைவிக்கும் அவர் மொழியில் ஒரு பக்கத் தாள் போய்ச் சேர வேண்டும். நலத்துறை அலுவலகம் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தால், விண்ணப்பம் வருவதற்கு முன்பே பூட்டு கழன்றிருக்கும்.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு சேர்கிறவர்களுக்கு நிலைமை வேறு. பணிக்காலம் நான்கு ஆண்டு. 25 விழுக்காடு வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மிக அரிதான சூழல் தவிர, இடையில் சொந்த விருப்பத்தில் விலகவும் முடியாது. விண்ணப்பம் எழுத வழியில்லாதவரிடம் அறிகுறிகள் மட்டும்தான் இருக்கும். அவர்களோடு இருக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கு வேலை கூடியிருக்கிறது.

சென்ற தைப் பொங்கலுக்கு நாயக்கின் வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போனார். ஸ்டார்ட்டர் பெட்டி புதிது. பூட்டு இருந்தது. அதற்கு இரண்டு சாவி, வீட்டுக்கு ஒன்று என்றார்.